கியர் இல்லாத வாகனமும் வன்னி றோட்டும்

பல வருடம் கியர் பைக் ஓடிய ஒருவர் ஸ்கூட்டி வாங்கினால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அது என்ன, முறுக்கினால் ஓடும், பிடிச்சால் நிக்கும்." எனக்கும் அதைத்தான் சொன்னார்கள். முறுக்கினால் ஓடுகிறது, அதில் ஒரு குறையும் இல்லை. பிடித்தால் நிற்பதைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. அதோடு எங்களுடைய கிரவல் றோட்டு, அறுவடைக் காலத்தில் தார் மேல் காயும் நெல், இரவில் நடு றோட்டில் படுத்திருக்கும் மாடு, இவற்றைப் பற்றியும். ஷோரூமில் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள். அங்கே சிக்னல் எது, ஹோர்ன் எது, சீற்றைத் திறப்பது எப்படி என்று காட்டிவிட்டுத் திறப்பைக் கையில் தந்துவிடுவார்கள்.

நான் இருப்பது வட இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில். வேலை ஒட்டுசுட்டான் பக்கம், அதுவும் வெளிக்கள வேலை, ஆகவே முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 இல் கொஞ்சத் தூரம் காப்பெற் (தார்) றோட்டில் போய், பிறகு முத்தையன்கட்டுப் பக்கம் உள் றோட்டுகளில் இறங்கி, குளக்கட்டு, வாய்க்கால் கரை, வயல் ஒழுங்கை என்று எல்லாவற்றிலும் ஓட வேண்டும். இவ்வளவு காலமும் ஓடியது அப்பாவின் பழைய சிடி 100 கியர் பைக். அதை மாற்றலாம் என்று நினைத்த நேரம் பார்த்து 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், அதன்பிறகு பாவித்த ஸ்கூட்டிகளுக்குச் சொன்ன விலையைக் கேட்டால் ஆசையே விட்டுப்போயிற்று. 2025 இல் இறக்குமதி திரும்பத் திறந்த பிறகுதான் லீசிங் போட்டு இந்த 110 சிசி ஸ்கூட்டியை எடுத்தேன். சேலையோடு ஏறி இறங்குவது, காலடியில் சாமான் வைப்பது, இந்த இரண்டுக்காகவே எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

சரி, விசயத்துக்கு வருவோம். கியர் பைக்கில் இடது கை கிளச்சைப் பிடிக்கும், வலது கால் பின் பிரேக்கை மிதிக்கும். ஸ்கூட்டியில் இடது கையில் இருப்பது பிரேக். வலது காலுக்கு வேலையே இல்லை. சொல்லும்போது இது சின்ன விசயம். ஆனால் சந்தியில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தால் யோசித்தா பிடிக்கிறோம்? கை தன் பாட்டில் பிடிக்கும், அதுவும் கிளச்சைப் பிடிப்பது போல முழுதாக, ஒரேயடியாக. காப்பெற் றோட்டில் அப்படிப் பிடித்தால் பின்னால் இருப்பவரின் ஹெல்மெட் எங்கள் ஹெல்மெட்டில் வந்து முட்டும், அவ்வளவுதான். கிரவலில் பிடித்தால் கதை வேறு. என் வாகனத்தைச் சேர்விஸ் செய்யும் அண்ணை முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, கொஞ்ச நாளைக்கு உங்கட இடது கையை நம்பாதேங்கோ."

அதனால் எடுத்த கிழமை றோட்டுக்கு ஏற்றாமல் பின்னேரத்தில் பாடசாலை மைதானத்தில் ஓடினேன். ஓடுவதைவிட நிற்பாட்டுவதைத்தான் பழகினேன். 20 இல் வந்து நிற்பாட்டுவது, 30 இல் வந்து நிற்பாட்டுவது, பிறகு 40. இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முதலில் மெதுவாகத் தொட்டு, பிறகு இறுக்குவது. ஆரம்பத்தில் வலது கால் வெறும் தட்டை மிதித்துக்கொண்டுதான் இருக்கும், விடுங்கள், தானாக மறந்துவிடும். இப்போது வரும் ஸ்கூட்டிகள் பலவற்றில் இடது பிரேக்கைப் பிடித்தால் பின் சில்லோடு முன் சில்லும் கொஞ்சம் பிடிக்கிற மாதிரி இணைத்திருக்கிறார்கள். தாரில் அது நல்லது. மணலிலும் கிரவலிலும் வளைவுக்குள் நுழைந்த பிறகு அதைப் பிடித்தால் முன் சில்லும் வழுக்கப் பார்க்கும் என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் இருக்கிற ஆட்களுக்கும் சொல்லி வைக்க வேண்டியது. அயல்வீட்டு அண்ணை ஒருவர் மகளுடைய ஸ்கூட்டியை ஸ்ராண்டில் இருந்து இறக்கித் திருப்பிவைக்கப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றபடி வலது பிடியைப் பிடித்து இழுத்தார், இழுக்கும்போது கை இயல்பாகவே முறுக்கும் அல்லவா, வாகனம் பாய்ந்து கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு அடுத்த வளவுக்குள் போய்விட்டது. கியர் பைக் என்றால் நியூற்றலில் நின்று உறுமும், அவ்வளவுதான். ஸ்கூட்டியில் நியூற்றல் இல்லை. கையால் உருட்டும்போதெல்லாம் திறப்பைத் திருப்பி நிற்பாட்டிவிட்டுத்தான் உருட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் முன்னால் ஏறி நின்று பிடியைப் பிடித்து விளையாடுகிற வீடு என்றால் இன்னும் கவனம்.

இப்போது முறுக்குவது. ஸ்கூட்டியின் உள்ளே ஒரு பெல்ற்றும், எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது தானாக விரிந்து பிடிக்கும் ஒரு கிளச்சும் இருக்கின்றன. முறுக்கியவுடன் கொஞ்சம் சத்தம், பிறகுதான் இழுவை. அந்த இடைவெளிதான் புதிதாக ஓடுபவர்களைக் குழப்புகிறது: இழுக்கவில்லையே என்று இன்னும் முறுக்குவார்கள், அது ஒரேயடியாக இழுத்துவிடும். ஆறுதலாக முறுக்கிப் பழகினால் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். மணல் ஒழுங்கையிலோ ஆட்கள் நடக்கிற சந்தையிலோ மெதுவாகப் போகும்போது முறுக்கி முறுக்கி விடக்கூடாது. பிடியைச் சின்னதாக ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுக் கட்டுப்படுத்த வேண்டும். ஒடுங்கிய இடத்தில் திருப்பும்போதும் இதே முறைதான்.

குளக்கட்டில் இருந்து இறங்கும் சரிவுகளில் இதன் மறுபக்கம் தெரியும். கியர் பைக்கில் இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டியில் பிடியை முழுதாக விட்டு வேகமும் குறைந்தால் அந்தக் கிளச் விட்டுவிடும், பிறகு அது வெறும் சைக்கிள்தான், சரிவு எங்கே தள்ளுகிறதோ அங்கே உருளும். ஆகவே சரிவு தொடங்க முன்பே வேகத்தைக் குறைத்து, பின் பிரேக்கில் விரலை வைத்தபடி இறங்க வேண்டும். அணைக்கட்டில் பொழுதுபட்டு மீன் வாங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் இதை ஞாபகம் வைத்தால் போதும்.

வன்னிக்கு உண்மையான பிரச்சினை சில்லுத்தான். சிடி 100 இன் சில்லு 17 அங்குலம். என் ஸ்கூட்டிக்கு முன்னால் 12, பின்னால் 10. பெரிய சில்லு தாண்டிப் போகும் குழிக்குள் சின்னச் சில்லு இறங்கி ஏறும். கிரவல் போட்டுக் கொஞ்சக் காலம் போனால் றோட்டு அலையலையாக வந்துவிடும், அதில் பைக்கில் 40 இல் போனது போல ஸ்கூட்டியில் போனால் பல்லெல்லாம் ஆடும். 25க்குக் கீழே வந்துவிட வேண்டும், வேறு வைத்தியம் இல்லை. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துச் சண்டை பிடிக்கவும் கூடாது. கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் அது தானாக நேரே வரும், இறுக்கினால் ஒவ்வொரு கல்லுக்கும் எங்கள் தோள் பதில் சொல்லும். மாரியில் உழவு இயந்திரம் போன தடம் செம்மண்ணில் ஆழமாக விழுந்து, பிறகு வெயிலில் அப்படியே இறுகிவிடும். அந்தத் தடத்துக்குள் ஒருமுறை இறங்கினால் அது முடியும் மட்டும் அதற்குள்ளேயே போவதுதான் நல்லது. இடையில் வெளியே ஏற நினைத்தால் சின்னச் சில்லு விளிம்பில் உரசி விழுத்திவிடும். காப்பெற் றோட்டின் விளிம்பும் இப்படித்தான்: பஸ்ஸுக்கு வழி விட்டு மண்ணில் இறங்கினால், திரும்ப ஏறும்போது விளிம்போடு சேர்ந்து உரசிக்கொண்டு ஏறக்கூடாது, வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் விலகி, குறுக்காக ஏற வேண்டும்.

ரயர்க் காற்று பற்றி யாரும் கதைப்பதில்லை, ஆனால் ஸ்கூட்டியில் அரைவாசி விசயம் அதுதான். என் வாகனத்துக்கு முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36. உங்களுடையதற்கு எவ்வளவு என்று கைநூலிலோ வாகனத்தில் ஒட்டிய தாளிலோ இருக்கும். காற்றடிக்கும் இடத்தில் சொல்லாமல் விட்டால் இரண்டுக்கும் ஒரே அளவாக, கல்லு மாதிரி அடித்துத் தந்துவிடுவார்கள். முன் சில்லு அப்படி இருந்தால் கிரவலில் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும், பிரேக் பிடித்தால் பிடிபடாது. ஒரு சின்னக் காற்றளவி வாங்கி சீற்றுக்கு அடியில் வைத்திருக்கிறேன். காலையில் ரயர் சூடாக முன்பே பார்க்க வேண்டும், ஓடி வந்தபின் பார்த்தால் கூடக் காட்டும்.

நெல். இதை வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். காலபோக அறுவடை முடியும் மாசி, பங்குனியில் வன்னியில் பல றோட்டுகளில் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும். படங்கு விரித்துக் காயப்போடுகிறவர்களும் உண்டு, நேரே தாரில் பரப்புகிறவர்களும் உண்டு. ஓரத்தில் கல்லும் தடியும் வைத்திருப்பார்கள், ஒரு அம்மா தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு காலால் நெல்லை அளைந்துகொண்டு நிற்பா. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஈரநெல்லைக் கொண்டுபோனால் யாரும் விலை கொடுக்க மாட்டார்கள், உலர்த்தக் களம் எத்தனை பேரிடம் இருக்கிறது? ஆனால் ஓடுகிற எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, ஒதுக்கிப் பரப்பிய நெல்லைவிட ஆபத்தானது அதில் இருந்து சிதறி, தார் நிறத்தோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் நடு றோட்டில் கிடக்கிற கொஞ்ச நெல். ஒவ்வொரு மணியும் சில்லுக்கடியில் உருளும். அதில் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், முறுக்கவும் வேண்டாம். வர முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வாகனத்தை நிமிர்த்தி, பிடியை அப்படியே வைத்து நேரே போய்விட வேண்டும். எதிரே வாகனம் வந்தால், நெல்லுக்கு முன்னாலேயே நின்று அதைப் போகவிட்டுப் போவது மேல்.

இரவு ஓட்டம் முடிந்தவரை தவிர்க்கிறேன். மழைக்காலத்தில் கட்டாக்காலி மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார் றோட்டில்தான் படுக்கும், கறுப்பு மாடு என்றால் கண் பளிச்சிட்டால்தான் தெரியும், மற்றப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தால் அதுவும் இல்லை. பின்னால் விளக்கில்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டிகளும் மாட்டுக்குச் சளைத்தவை அல்ல. புது ஸ்கூட்டியின் எல்ஈடி வெளிச்சம் வெள்ளையாக, அழகாக இருக்கிறது, ஆனால் அது காட்டுகிற தூரத்துக்குள் நிற்பாட்டக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும், எனக்கு அது 40க்கு மேல் இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் ஆனையும் றோட்டுக்கு வரும். தூரத்தில் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், தூரத்திலேயே நிற்பாட்டி, திருப்பிக்கொண்டு போகிற மாதிரி ஆயத்தமாக நிற்பதுதான் ஊர் வழக்கம். ஸ்கூட்டி கனமில்லாததால் ஒடுங்கிய றோட்டிலும் கெதியாகத் திருப்பலாம், இந்த இடத்தில் பைக்கைவிட இதுதான் திறம்.

காற்றையும் சொல்ல வேண்டும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் ஆனையிறவைத் தாண்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் வெட்டவெளி, உப்புத் தரவை, காற்று பக்கவாட்டில் வந்து நூறு கிலோ அளவு மட்டுமே இருக்கிற வாகனத்தை அப்படியே நகர்த்தும். பஸ் ஒன்று எங்களைக் கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்று, கடந்ததும் திரும்ப அடிக்கும், அந்த இரண்டாவது அடிதான் ஆளை விழுத்தப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து, றோட்டின் ஓரத்துக்குப் போகாமல், ஓரத்தில் இருந்து ஒரு கை தூரம் விட்டு ஓட வேண்டும்.

புது எஞ்சினைப் பழக்குவது பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குள் முழுதாக முறுக்கிப் பிடிக்கக்கூடாது, ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடவும் கூடாது, இவ்வளவுதான் விசயம். ஏ9 இல் அது கஷ்டம், ஏனென்றால் கிளிநொச்சி வரைக்கும் நேர் றோட்டு, கை தானாக ஒரே இடத்தில் நின்றுவிடும். நல்ல காலம் இடையில் முறிகண்டிப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. அங்கே நிற்பாட்டாமல் போகிற வாகனம் எது? புது வாகனம் என்றபடியால் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, திருநீறை மீற்றருக்கு மேலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு மர நிழலில் இருந்தேன். எஞ்சினும் ஆறும், முதுகும் ஆறும். பழைய ஆட்கள் இந்த வழக்கத்தை எஞ்சினுக்காக உண்டாக்கவில்லை, ஆனால் எஞ்சினுக்கும் நல்லதுதான்.

முதல் சேர்விஸைத் தள்ளிப் போடாதீர்கள். புது எஞ்சினுக்குள் உரசித் தேய்ந்த இரும்புத்தூள் அந்த முதல் ஒயிலோடுதான் வெளியே வர வேண்டும். ஒயில் வாங்கும்போதும் ஒரு விசயம்: கியர் பைக்கின் கிளச் ஒயிலுக்குள் நனைந்தபடி இருக்கும், ஸ்கூட்டியின் கிளச் வெளியே, காய்ந்த இடத்தில். ஆகவே ஸ்கூட்டிக்கென்று எம்பி (MB) என்று போட்ட ஒயில் தனியாக வருகிறது, பைக்குக்கு எம்ஏ (MA). ஸ்கூட்டி ஒயிலை வீட்டில் நிற்கும் கியர் பைக்குக்கு ஊற்றினால் அதன் கிளச் வழுக்கத் தொடங்கும், மிச்ச ஒயில்தானே என்று ஊற்றிவிடாதீர்கள். பின் சில்லுப் பக்கம் கியர் ஒயில் என்று கொஞ்சம் தனியாக இருக்கிறது, அதையும் கேட்டு மாற்றுவியுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் அதைத் தொடமாட்டார்கள்.

ஏயார் ஃபில்ரர் எங்கள் ஊரில் சீக்கிரம் போகும். வைகாசி, ஆனியில் கிரவலில் ஒரு டிப்பருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். இப்போதைய ஸ்கூட்டிகள் பலவற்றில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு ஊறிய தாள் ஃபில்ரர், அதைக் காற்றடித்துத் துப்புரவாக்கக்கூடாது, அடித்தால் அந்தப் பிசுக்கு போய்த் தூசு நேரே எஞ்சினுக்குள் போகும். மாற்றுவதுதான் வழி. கைநூலில் போட்ட கிலோமீற்றர் தார் றோட்டுக்கு எழுதியது, கிரவலில் ஓடுகிறவர்கள் அதற்கு முன்பே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். இழுவை குறைந்து பெற்றோல் கூடக் குடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

மாரியில் மதகுக்கு மேலால் தண்ணீர் பாயும்போது பைக்காரர் போகிறார் என்று பின்னால் போக வேண்டாம். ஸ்கூட்டியின் பெல்ற் இருக்கும் பெட்டி பின் சில்லுக்குப் பக்கத்தில், தாழ்வாக இருக்கிறது. அதற்குள் தண்ணீர் போனால் பெல்ற் வழுக்கும், எஞ்சின் உறுமும், வாகனம் நகராது. கணுக்கால் அளவுத் தண்ணீர் என்றால் ஒரே அளவில் முறுக்கிக்கொண்டு இடையில் விடாமல் போகலாம். அதற்கு மேல் என்றால் திரும்பிப் போய் வேறு வழி பாருங்கள், அல்லது காத்திருங்கள்.

காலடித் தட்டில் எதையும் வைக்கலாம் என்றுதான் எல்லோரும் வாங்குகிறோம். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் பரவாயில்லை, கயிறு போட்டுக் கட்டினால் சரி. 50 கிலோ யூரியா மூடையை வைத்துக் காலை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு ஓடுகிறவர்களைத் தினமும் காண்கிறேன். முன் சில்லு அமுங்கி, ஹாண்டில் பாரமாகி, அவசரத்துக்குக் காலூன்றவும் இடமில்லாமல் கிரவலில் போவது எனக்குச் சரிவராது. உரமூடைக்கு லாண்ட்மாஸ்டரைக் கேட்கலாம். சீற்றுக்கு அடியில் உள்ள பெட்டி எஞ்சினுக்கு மேலே இருப்பதால் வெயில் நேரத்தில் நல்ல சூடு ஏறும், மருந்துக் குளிசையும் சொக்லேற்றும் அதற்குள் வைக்காதீர்கள்.

பெற்றோல் விசயத்தில் பழைய பைக் தந்த ஒரு தைரியம் இதில் இல்லை. அதில் திருப்பிவிட ஒரு ரிசேவ் இருந்தது. இதில் முள் மட்டும்தான், தாங்கியும் சின்னது, ஐந்து லீற்றரும் கொஞ்சமும். முள் சிவப்பைத் தொட முன்பே மாங்குளத்தில் அடித்துவிட்டுத்தான் காட்டு றோட்டில் இறங்குகிறேன். 2022 இன் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீட்டைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கிய காலத்தில் இருந்து அரைத் தாங்கிக்குக் கீழே போனால் மனம் பதறுகிற பழக்கம் வேறு இருக்கிறது. 92 ஒக்டேன் போதும், இந்த எஞ்சினுக்கு 95 அடித்துக் காசைக் கரைக்கத் தேவையில்லை.

லைசன்ஸைப் பற்றியும் ஒரு சொல். 100 சிசி வரைக்கும் ஏ1, அதற்கு மேல் ஏ. சின்ன ஸ்கூட்டியில் பழகி ஏ1 மட்டும் எடுத்திருப்பவர்கள் 110 வாங்க முன்பு லைசன்ஸின் பின்பக்கத்தை ஒருமுறை பாருங்கள், ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஹெல்மெட் பின்னால் இருப்பவருக்கும் வேண்டும், உள் றோட்டில் யார் பார்க்கப் போகிறார் என்பது பொலிஸைப் பற்றிய கதை, தலையைப் பற்றியது அல்ல.

கடைசியாகத் திறப்பு. சீற்றைத் திறந்து சாமானை வைக்கும்போது திறப்பையும் உள்ளே வைத்துவிட்டுச் சீற்றை அமத்தினால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். கடையில் தந்த இரண்டாவது திறப்பு வீட்டு அலுமாரியில் இருந்தால் ஒட்டுசுட்டானில் நிற்கிறவருக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. என்னுடையதைக் கந்தோரில் கூட வேலை செய்யும் அக்காவின் மேசை லாச்சியில் போட்டு வைத்திருக்கிறேன், அவவுடையது என்னிடம்.